ராத்திரி 8 மணி சிக்கன் ரைஸ்: அந்தத் தட்டில் என்ன இருக்கிறது?

[காட்சி: தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் வண்டி. சீறும் அடுப்பு. இரும்புச்சட்டியில் கரண்டி மோதும் சத்தம்.]

வணக்கம். இந்தச் சத்தம் கேட்டாலே பாதிப் பேருக்குப் பசி எடுத்துவிடும். எனக்கும்தான். மாஸ்டரின் கையைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு குழிக்கரண்டி எண்ணெய். முட்டை. ஒரு பிடி கோஸ், கேரட். முன்பே வடித்து ஆறவைத்த சோறு. பிய்த்துப் போட்ட சிக்கன். உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் வெள்ளைத்தூள், அதாவது அஜினோமோட்டோ. கடைசியில் பாட்டிலைக் கவிழ்த்து சோயா சாஸ். ஐந்து நிமிடத்தில் பார்சல் கையில்.

எப்போதோ ஒருநாள் இதைச் சாப்பிட்டால் உடம்பு தாங்கிக்கொள்ளும். வாரத்தில் நாலு ராத்திரி இதுதான் சாப்பாடு என்று ஆகிவிட்டவர்களுக்காகத்தான் இந்த வீடியோ. என் தம்பி அப்படித்தான் இருந்தான். சென்னையில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறான், அறையில் அடுப்பு கிடையாது. 27 வயதில், ஆபீஸில் நடந்த மெடிக்கல் செக்கப்பில் ரத்த அழுத்தம் 150க்கு 96 என்று ஏறியிருந்தது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒரு தொந்தரவும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

[காட்சி: வெள்ளைத் தட்டில் ஒரு டீஸ்பூன் உப்பு. பக்கத்தில் சோயா சாஸ் பாட்டில்.]

தலை தட்டிய இந்த ஒரு டீஸ்பூன் உப்பு ஏறக்குறைய 5 கிராம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு முழு நாளைக்கே இதற்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலைச் சட்னி, மதியக் குழம்பு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் இந்த ஒரு ஸ்பூனுக்குள் அடங்க வேண்டும். இப்போது ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ் ஊற்றுகிறேன். இதில் மட்டும் 2 கிராமுக்கு மேல் உப்பு. மாஸ்டர் ஸ்பூன் வைத்து அளப்பதில்லை. மேலே தனி உப்பு, சில்லி சாஸ், தொட்டுக்கொள்ள சிக்கன் 65. வினிகரின் புளிப்பும் மிளகின் காரமும் சேர்ந்துவிடுவதால் இவ்வளவு உப்பு இருப்பது நாக்குக்குத் தெரிவதே இல்லை.

உள்ளே போன சோடியம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தின் அளவு கூடும், குழாய்ச் சுவர்களில் அழுத்தம் ஏறும். சிக்கன் ரைஸ் சாப்பிட்ட ராத்திரி தொண்டை வறண்டு எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் குடிப்போமே, அது இந்த உப்பின் வேலைதான். என்றைக்காவது ஒரு நாள் என்றால் சிறுநீரகம் சமாளித்து வெளியேற்றிவிடும். அடிக்கடி என்றால் அழுத்தம் இறங்க நேரமே கிடைக்காது. வருடக்கணக்கில் குழாய்கள் விறைத்துப்போகும், இதயம் கூடுதல் பலத்தோடு தள்ள வேண்டி வரும், சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் கெடும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். "அண்ணே, அஜினோமோட்டோ போடாதீங்க" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "சாஸைக் குறைங்க" என்று கேட்டவரைப் பார்த்ததே இல்லை. அஜினோமோட்டோ வழக்கமான அளவில் பாதுகாப்பானது என்றுதான் உலக அளவிலான உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன. பழி ஒரு பக்கம் போய்விட்டது, உப்பு தப்பித்துக்கொண்டது.

[காட்சி: சிக்கன் 65 பொரியும் சட்டி. எண்ணெய் கருமை, ஓரத்தில் நுரை.]

சரி, எண்ணெய்க்கு வருவோம். நேற்றைய மிச்சத்தில் இன்று புது எண்ணெய் ஊற்றிப் பொரிப்பது பல கடைகளில் வழக்கம். திரும்பத் திரும்பச் சூடாகும்போது கொழுப்பு உடைந்து போலார் சேர்மங்கள் என்ற சிதைவுப் பொருட்கள் சேர்கின்றன. இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்தியாவில் சட்டம். அளக்கக் கருவி உண்டு, நம் கையில் இருக்காது. ஆனால் கண்ணும் மூக்கும் போதும்: கறுத்துக் கெட்டியான எண்ணெய், அடங்காத நுரை, சீக்கிரமே கிளம்பும் புகை, காறல் வாடை. பார்த்தால் அந்தக் கடையில் பொரித்ததை வாங்காதீர்கள்.

எடை எப்படிக் கூடுகிறது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். இரண்டிலும் பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்தபோது தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் ஒரு கிலோவை ஒட்டி எடை ஏறியது. வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்ல வேலையில்லாத உணவு, 'போதும்' என்று வயிறு சொல்வதற்குள் உள்ளே போய்விடுகிறது.

அதே நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2005-ல் வந்தது. வாரம் இரண்டு தடவைக்கு மேல் ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிட்டவர்கள், ஒரு தடவைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 4.5 கிலோ கூடுதலாக எடை போட்டிருந்தார்கள். இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படாத தன்மையும் இரண்டு மடங்கு அதிகமாகக் கூடியிருந்தது. அங்கே பர்கர், இங்கே சிக்கன் ரைஸ், வேறு வேறுதான். ஆனால் நிறைய மாவுச்சத்து, நிறைய எண்ணெய், பேருக்குக் காய், கூட ஒரு கூல்ட்ரிங்க்ஸ் என்ற சேர்மானம் ஒன்றே. 250 மில்லி கோலாவில் மட்டும் 26 கிராம் அளவுக்குச் சர்க்கரை. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருந்தால் இந்தச் சேர்மானத்தை நீங்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

[காட்சி: சின்ன எலெக்ட்ரிக் குக்கர். மூடியில் ஆவி.]

தம்பி ஒரு சின்ன எலெக்ட்ரிக் குக்கர் வாங்கினான். அரிசி, பாசிப்பருப்பு, கையில் கிடைத்த காய், அரை மணி நேரம். முடியாத நாளில் மெஸ்ஸில் இட்லி, அவித்த முட்டை. வண்டிக்கடைக்கு வாரம் ஒருநாள் போகிறான், "சாஸ் பாதி போதும்ணே" என்கிறான். "டேஸ்ட் இருக்காதே தம்பி" என்றாராம் மாஸ்டர், ஆனாலும் குறைத்துத்தான் போடுகிறார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 136க்கு 88. இன்னும் இறங்க வேண்டும் என்று டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் கடைசியாக ரத்த அழுத்தம் பார்த்தது எப்போது? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு வாங்குவதில்லை. நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.