உறைந்த மண்ணின் கோடை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அப்படியும் பல கோடைகளில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நிற்கிறோம். ரஷ்யாவின் வடகோடியில், லேனா ஆறு ஆர்க்டிக் கடலில் கலக்கும் கழிமுகத்தில் கோடை முழுவதும் பெய்யும் மழை சுமார் 125 மில்லிமீட்டர்தான். குளிர்காலப் பனியைச் சேர்த்தாலும் நம் மழையில் ஐந்தில் ஒரு பங்கு தேறாது. ஆனால் கோடையில் அங்கே போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் குளமும் குட்டையும் சதுப்பும்தான்.

காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது. மேலே அரை மீட்டர் மண்தான் கோடையில் இளகும். அதற்குக் கீழே பல நூறு மீட்டர் ஆழத்துக்கு மண் உறைந்தே கிடக்கிறது. களிமண் படிந்த ஏரி தண்ணீரைக் கீழே விடாமல் தாங்குவதுபோல, அந்த உறைமண் வருகிற கொஞ்சத் தண்ணீரையும் மேலேயே நிறுத்திவைக்கிறது. தூந்திரா எனப்படும் அந்த மரமற்ற குளிர்நிலத்தின் பாசியும் புல்லும் பறவைகளும் அந்த ஈரத்தை நம்பித்தான் வாழ்கின்றன.

சரி, கோடை முழுக்க வெயில் அடித்தும் அந்த உறைமண் ஏன் கரைந்துபோகவில்லை? வெயிலும் அங்கே குறைவில்லை. ஜூன் 21 வாக்கில் வளிமண்டலத்தின் உச்சிக்கு ஒரு நாளில் வந்துசேரும் சூரிய ஆற்றல், நிலநடுக்கோட்டைவிட வடதுருவத்தில்தான் அதிகம். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது. பனி மூடியிருக்கும்வரை வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். பனி உருகிக் கருநிறத் தரை தெரிந்ததும், சூரியன் மறையாத அந்த வாரங்களில், நிலம் வெப்பத்தை வாங்கத் தொடங்குகிறது.

அந்த வெப்பம் எங்கே போகிறது என்பதை லேனா கழிமுகத்தின் சமோய்லோவ் தீவில் ரஷ்ய, ஜெர்மன் ஆய்வாளர்கள் 1998 முதல் அளந்துவருகிறார்கள். கோடையில் சுமார் பாதி, தண்ணீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. ஒரு பகுதி காற்றைச் சூடாக்குகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. நம் ஊர் மண் பகலில் வாங்கும் வெப்பத்தில் பெரும்பகுதியை இரவில் திருப்பிக் கொடுத்துவிடும். அங்கே அடியில் இருக்கும் குளிர்ந்த மண் வெப்பத்தை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். இறங்கிய வெப்பம் பெரும்பாலும் பனிக்கட்டியை உருக்கவே போய்விடுகிறது. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வேண்டும். அவ்வளவு வாங்கியும் வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாது. அதே ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏழு மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே மேலே உள்ள ஈரம் ஆவியாகும்போது, கீழே போயிருக்கக்கூடிய வெப்பத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. உறைமண் தண்ணீரைத் தாங்க, தண்ணீர் உறைமண்ணைக் காக்கிறது.

இதில் பாசியின் பங்கை நான் மிகவும் மதிக்கிறேன். கோடையில் மேல்பகுதி காய்ந்த பாசி வெப்பத்தைக் கீழே விடாது. இலையுதிர்காலத்தில் அதே பாசி நனைந்து உறைந்ததும் குளிரைத் தாராளமாக உள்ளே விடும்.

இப்போது இந்த ஏற்பாடு குலைகிறது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி, உலக சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியிருக்கிறது. மண்ணுக்குள் ஆப்பு வடிவில் பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்த பனிக்கட்டிகள், ஒரே ஒரு கடும் கோடையில்கூட மேலிருந்து உருகிவிடுகின்றன. அவை இருந்த இடத்தில் தரை அமிழ்ந்து பள்ளமாகிறது. தொடக்கத்தில் அங்கே தண்ணீர் தேங்கும். அப்புறம் பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வாய்க்காலாகி, சுற்றியிருந்த சதுப்பையே வடித்துவிடும். மழை குறையாமலே நிலம் காய்ந்துபோகிறது. உறைமண் பகுதிகளில் புதைந்திருக்கும் கரிமம், அதாவது கார்பன், காற்றில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. இளகிய மண் ஈரமாக இருந்தால் மீத்தேனும், காய்ந்தால் கார்பன் டைஆக்சைடும் கூடுதலாக வெளியேறும். அதனால்தான் தண்ணீர்க் கணக்கை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் பார்த்தால் போதாது என்கிறேன்.

சென்னைக்கும் ஆர்க்டிக்குக்கும் தொடர்பு உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தினர் 2014-இல் ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில், காங்ஸ்ஃபியோர்டன் என்ற குறுகிய கடற்கழியின் நீரடியில் இண்டார்க் என்ற அளவீட்டுக் கருவித் தொகுதியை நிறுவினார்கள். அந்தக் கடற்கழியின் கரையிலுள்ள நீ-ஆலசுண்டு என்ற ஊரில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. அந்த ஊரைச் சுற்றி இருப்பதும் உறைமண்தான். கடலை அளக்கும் நாம் அந்த மண்ணின் ஈரத்தையும் அளக்க வேண்டும். ஆர்க்டிக் ஆய்வுத் திட்டங்களுக்கு கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் விண்ணப்பம் கேட்கும்போது, இயற்பியலும் நீரியலும் படிக்கும் நம் பிள்ளைகள் தயங்காமல் எழுதிப் போடட்டும்.

நன்றி, வணக்கம்.