பிளாண்ட்ஃபோர்டு: வீடு எரிந்தும் மனை மாறாத சந்தை நகரம்

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் சந்தை நகரங்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் பூந்தொட்டி, தேநீர்க்கடை, பழைய மாதாகோவில் என்று அழகைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார்கள். அழகு இருக்கட்டும். ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அது ஏன் அந்த இடத்தில் முளைத்தது, ஏன் இன்றைக்கு அந்த முகத்தோடு நிற்கிறது என்று மட்டும் பார்ப்போம். ஊரின் பெயர் பிளாண்ட்ஃபோர்டு ஃபோரம். தென் இங்கிலாந்தில் டார்செட் மாவட்டத்தில் இருக்கிறது. மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டி வரும். நம் கணக்கில் ஒரு பேரூராட்சி. சென்னையோடு இந்த ஊருக்குப் பழைய கொடுக்கல் வாங்கல் ஒன்று உண்டு, அதற்கும் வருவோம்.

முதலில் நிலம். ஸ்டவர் என்ற ஆறு வில்ட்ஷயரில் ஊற்றெடுத்து, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஓடி, கிறைஸ்ட்சர்ச் என்ற ஊரில் கடலில் விழுகிறது. மேல்பாதியில் அது ஓடுவது பிளாக்மோர் பள்ளத்தாக்கில். அது களிமண் பூமி, உழுவதற்குக் கஷ்டம். புல் மட்டும் செழித்து வளரும். அதனால் அங்கே மாடு, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி. அதைத் தாண்டினால் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள். மேல்மண் மெல்லியது, தண்ணீர் நிற்காது. அங்கே ஆடும், பார்லியும், கோதுமையும். பால்காரனுக்குத் தானியம் வேண்டும், தானியக்காரனுக்கு வெண்ணெய் வேண்டும். இந்த இரண்டு பூமியையும் சேர்க்கும் வழியாக, குன்றுகளை ஆறு அறுத்துக்கொண்டு வெளியேறும் இடைவெளியில், ஆழம் குறைந்த துறை ஒன்று இருந்தது. ஆளும் வண்டியும் இறங்கிக் கடந்தார்கள். துறை முதலில் வந்தது, ஊர் பிறகு வந்தது. 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே இந்தப் பெயர் பதிவாகியிருக்கிறது.

சந்தை என்பது அந்நாளில் நினைத்த இடத்தில் கூடை போட்டு உட்காரும் விவகாரம் அல்ல. அது அரசர் தரும் உரிமை. கடைக்காசு, எடைக்காசு, சுங்கம் எல்லாம் உரிமை பெற்றவருக்குப் போகும். அதனால் பக்கத்தில் இன்னொருவன் சந்தை போட்டால் வழக்குத்தான். எவ்வளவு பக்கம்? ஆறு மைலும் ஒரு மைலில் மூன்றில் இரண்டு பங்கும் என்று சட்டம் அளவு சொன்னது. நம் கணக்கில் பத்தே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்த விசித்திர எண்ணுக்குக் காரணத்தை 13ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல் ஒன்று சொல்கிறது. ஒரு மனிதன் ஒரு நாளில் இருபது மைல் நடப்பான். பகலை மூன்றாகப் பிரி. ஒரு பங்கு போக, ஒரு பங்கு விற்று வாங்க, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்ப. இருபதை மூன்றால் வகுத்தால் வருவதுதான் அந்த ஆறே சொச்சம் மைல். டார்செட் வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள். பிளாண்ட்ஃபோர்டிலிருந்து விம்போர்ன், ஸ்டர்மின்ஸ்டர் நியூட்டன் இரண்டும் பதினைந்து கிலோமீட்டர் போல, ஷாஃப்ட்ஸ்பரி இன்னும் சற்றுத் தள்ளி. நடந்து போகிறவனின் காலும் இருட்டும் நேரமும் சேர்ந்து போட்ட வரைபடம் அது.

லண்டனிலிருந்து சாலிஸ்பரி வழியாக மேற்கே எக்ஸிடருக்குப் போகும் நெடுஞ்சாலையும் இங்கேதான் ஆற்றைக் கடந்தது. குதிரை மாற்ற, படுக்க, குடிக்கச் சத்திரங்கள் எழுந்தன. 1605இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் நகர உரிமைச் சாசனம் கொடுத்தார். ஊர் வளர்ந்தது. ஆனால் வளர்ந்த விதம் ஆபத்தானது. மரச்சட்டத்துக்கு நடுவே மண் பூசிய சுவர், மேலே வைக்கோல் கூரை, வீட்டோடு வீடு ஒட்டி. 1579இல் ஒருமுறை எரிந்தது. 1713இல் மறுபடி எரிந்தது. இரண்டு தடவையும் அதே சரக்கை வைத்தே திருப்பிக் கட்டினார்கள்.

1731 ஜூன் 4. பிற்பகல் நேரம், காற்று பலம். கிங்ஸ் ஆர்ம்ஸ் என்ற மதுக்கடை பிற்காலத்தில் வந்த மூலையில், அன்றைக்கு விலங்குக் கொழுப்பை உருக்கி மெழுகுவத்தி செய்பவர் ஒருவரின் வீடு இருந்தது. தீ அங்கே பிடித்தது. வைக்கோல் கூரையின் அபாயம் அது எரிவதில் மட்டும் இல்லை, பறப்பதில் இருக்கிறது. எரிகிற கற்றை பிய்ந்து காற்றில் போய் ஐந்தாறு வீடு தள்ளி விழும். இங்கே ஒரு வீட்டை அணைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் இன்னொரு தெரு எரியும். ஊரிலிருந்த தண்ணீர் பீச்சும் பொறிகளும் தீயிலேயே போயின. ஆற்றைத் தாண்டி பிளாண்ட்ஃபோர்டு செயின்ட் மேரி, பிரையன்ஸ்டன் என்ற இரண்டு கிராமங்களுக்கும் தீ தாவியது. போதாக்குறைக்கு ஊரில் அப்போது பெரியம்மை. படுக்கையில் கிடந்தவர்களைத் தூக்கிப்போய்ப் பாலத்து வளைவுகளின் அடியில் கிடத்தினார்கள். சில மணி நேரத்தில் ஊரில் பத்தில் ஒன்பது பங்கு சாம்பல். நானூறு குடும்பங்களுக்கு மேல் வீடிழந்தன. இறந்தவர்கள் 14 பேர் என்று ஊர் நினைவுச்சின்னத்தில் வெட்டியிருக்கிறது.

இனி வருவதுதான் இந்த ஊரின் முக்கியமான பாடம். பிளாண்ட்ஃபோர்டின் சந்தைத் திடலில் நிற்கும் பயணி, "ஆகா, ஒரே காலத்தில், ஒரே பாணியில், ஒரே கை போட்ட திட்டம்" என்று வியப்பான். வழிகாட்டிகளும் அப்படித்தான் எழுதுகின்றன. அது பாதி உண்மை. தீ வீடுகளைத்தான் எரித்தது, மனைகளை எரிக்கவில்லை. இது என் அப்பன் மனை, இது என் குத்தகை மனை என்ற உரிமை சாம்பலுக்கு அடியிலும் அப்படியே கிடந்தது. முகப்பு குறுகல், பின்புறம் நீளம் என்று இடைக்காலத்தில் அளந்து கொடுத்த மனைகள் அவை. எரிந்த வீட்டுக்கு வாடகை யார் கொடுப்பது? குத்தகைக்காரன் கட்டினால் காலம் முடிந்ததும் வீடு யாருக்கு? பொதுச்சுவர் செலவு யார் தலையில்? இவற்றை முடிக்காமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. 1732இல் நாடாளுமன்றம் பிளாண்ட்ஃபோர்டுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. தகராறுகளைத் தீர்க்கத் தனி நீதிமன்றம் வைத்தது. சுவர் செங்கல்லோ கல்லோ, கூரை ஓடு முதலான எரியாத பொருள் என்று கட்டளை போட்டது. சந்தைத் திடலை அகலப்படுத்தினார்கள். தெருக்கள் பெரும்பாலும் பழைய தடத்திலேயே போயின. நாடெங்கும் நிதி திரட்டினார்கள். இரண்டாம் ஜார்ஜ் மன்னர் ஆயிரம் பவுண்டு கொடுத்தார்.

கட்டிக் கொடுத்தது ஜான் பாஸ்டர்ட், வில்லியம் பாஸ்டர்ட் என்ற இரு சகோதரர்கள். லண்டனிலிருந்து வந்த பெரிய கட்டடக் கலைஞர்கள் இல்லை. உள்ளூர்த் தச்சு மேஸ்திரிக் குடும்பம். சொந்த வீட்டைத் தீயில் இழந்தவர்கள், நகரசபைப் பதவியிலும் இருந்தவர்கள். இழந்தவனே கட்டுநராகவும் பதவியிலும் இருந்தால் ஆதாயம் இராதா என்று கேட்கலாம். இருந்திருக்கும். திடலின் நல்ல முனையில் அவர்கள் வீடு நிற்கிறது. ஆனால் அரைகுறை வேலை செய்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

முகப்புச் சுவரை நெருங்கிப் பாருங்கள். சன்னல் ஓரங்களில் சிவப்புச் செங்கல், நடுவே நீலச்சாம்பல் நிறத்தில் மின்னும் செங்கல் தலைகள். அது சாயம் இல்லை. விறகுச் சூளையில் தீவாய்க்கு அருகே அடுக்கிய கற்களின் முனையில் விறகுச் சாம்பலின் உப்பு படிந்து, மணலோடு உருகிக் கண்ணாடிப் பூச்சு ஆகிவிடும். கருகிய கல் என்று ஒதுக்க வேண்டியதை, குறுக்கே வைத்து அந்த முனையை வெளியே காட்டி, அலங்காரமாக்கினார்கள். செலவும் மிச்சம். கையில் காசுள்ளவன் மூலைக்கும் சன்னலுக்கும் போர்ட்லாண்ட் கல் வைத்தான். முகப்பைப் பார்த்த பிறகு சந்துக்குள் புகுந்து முதுகையும் பாருங்கள். அங்கே ஒழுங்கு கிடையாது. மனைக்கு ஏற்ப முன்னும் பின்னுமாக, வளைந்து நெளிந்து கட்டியிருப்பார்கள். திட்டமெல்லாம் தெருவைப் பார்த்த ஒரு சுவரின் தடிமன்தான்.

பீட்டர், பவுல் பெயரிலான மாதாகோவில் 1733இலிருந்து 1739 வரை கட்டியது. மேலே கூர்கோபுரம் வைக்கத்தான் சகோதரர்களுக்கு ஆசை. பணம் தீர்ந்துவிட்டது, மரத்தாலான சிறு மண்டபம் ஒன்றை உச்சியில் கவிழ்த்து முடித்தார்கள். இன்று ஊரின் அடையாளமே அதுதான். இன்னொரு வேடிக்கை 1893இல் நடந்தது. கிழக்கு முனையிலிருந்த அரைவட்டப் பலிபீடப் பகுதியை இடிக்க மனமில்லாமல், அதை அப்படியே அறுத்துப் பிரித்து, உருளைமேல் ஏற்றிக் கிழக்கே தள்ளிப்போய் நிறுத்தி, நடுவில் விழுந்த இடைவெளியில் புதிய பகுதியைக் கட்டிச் சேர்த்தார்கள். பக்கத்திலேயே, தூண்கள் தாங்கிய கல் முகப்போடு ஒரு தண்ணீர்ப் பம்பு. ஜான் பாஸ்டர்ட் 1760இல் வைத்தது. மேலே தீயைப் பற்றிய கல்வெட்டு. நினைவுச்சின்னம் என்று சும்மா ஒரு தூணை நடாமல், அடுத்த தீக்குத் தண்ணீர் தரும் பொருளாக வைத்தார் பாருங்கள், மேஸ்திரி புத்தி!

தீயில் தப்பியவையும் உண்டு. 1660 வாக்கில் எழுந்த பழைய வீடு ஒன்று, 1682இல் கட்டிய ரைவ்ஸ் தரும விடுதி. இரண்டும் செங்கல் கட்டடம்.

சென்னைக் கதைக்கு வருவோம். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பிளாண்ட்ஃபோர்டு செயின்ட் மேரியின் பாதிரியாருக்கு 1653இல் பிறந்த மகன் தாமஸ் பிட். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியில்லாமல் வங்காளத்தில் வியாபாரம் செய்து கம்பெனிக்குத் தலைவலியாக இருந்தவர். கடைசியில் கம்பெனியே அவரை வளைத்துப்போட்டு 1698இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு கவர்னராக்கியது. 1709 வரை இருந்தார். 1702இல் நவாப் தாவூத்கான் கோட்டையை முற்றுகையிட்டதும், கல்யாண ஊர்வலத் தகராறில் வலங்கை, இடங்கைச் சாதியார் தெருத்தெருவாகப் பிரிந்து மோதிக்கொண்டதும் இவர் காலத்தில்தான். ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் பட்டை தீட்டாத 410 காரட் வைரத்தை 48,000 வராகனுக்கு வாங்கினார். லண்டனில் தீட்டியதும் 140 காரட் சொச்சம் தேறியது. 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளர் ஆர்லியன்ஸ் கோமகனுக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 'ரீஜண்ட்' என்ற பெயரில் இருப்பது அந்தக் கல்தான். சொந்த ஊர்க் கோவிலைப் புதுப்பிக்கப் பணம் கொடுத்தார். 1726இல் அங்கேயே அடக்கமானார். பிரதமரான மூத்த வில்லியம் பிட் இவருடைய பேரன்.

பெரிய பணம் கடல் கடந்து வந்தது. ஊரின் அன்றாடப் பிழைப்போ, பெண்கள் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலையில் ஓடியது. முதலில் லேஸ் என்ற நூல் பின்னல், பிறகு டார்செட் பொத்தான். பர்மிங்காமிலிருந்து வரும் கம்பியை வளைத்து, முனையைப் பற்றவைத்து வளையமாக்குவார்கள். வளையத்தை நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைப்பது முதல் வேலை. தையலின் முடிச்சு ஓரத்தை உள்பக்கம் திருப்பிவிடுவது இரண்டாவது. வண்டிச் சக்கரத்து ஆரம்போலக் குறுக்கே நூல் இழுத்து, நடுவில் கட்டுவது மூன்றாவது. அந்த ஆரங்களைச் சுற்றிச் சுற்றி நூலோட்டி நிரப்புவது நான்காவது. ஆரம் நடுவில் சரியாகக் கூடாவிட்டால் பொத்தான் கோணும், விற்பனை அட்டையில் ஏறாது. கூலியைப் பல இடங்களில் காசாகக் கொடுக்காமல் கடைச் சரக்காகக் கொடுத்து ஏய்த்தார்கள். 1840களில் பொத்தான் இயந்திரம் வந்தது. ஒரு தலைமுறைக்குள் தொழில் போயிற்று. பல குடும்பங்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின.

ரயில் 1863இல் ஊருக்குள் வந்து 1966இல் பயணிகளைக் கைவிட்டது. ஆற்றங்கரைப் புல்வெளியில் ரயில் பாலத்தின் சில கண்களை மட்டும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஹால் அண்ட் வுட்ஹவுஸ் என்ற பீர் ஆலை அக்கரையில் நடக்கிறது. 1777இல் ஆன்ஸ்டி கிராமத்தில் தொடங்கியது அது. குன்றின் மேல் ராணுவ முகாம். பக்கத்து ஸ்டர்மின்ஸ்டரின் கால்நடைச் சந்தை 1997இல் மூடிவிட்டது. பிளாண்ட்ஃபோர்டில் மாடு இல்லை, ஆனால் வியாழனும் சனியும் அதே திடலில் கடை விரிக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேலே களிமண் பூமி என்பதால் பெருமழையில் ஸ்டவர் சட்டென்று ஏறும். மழைக்காலத்தில் கரையோரப் பாதையை நம்ப வேண்டாம். இன்னொன்று பிளாண்ட்ஃபோர்டு ஈ. மிகச் சிறியது. கரை மண்ணில் முட்டையிடும், குளிர்காலத்தில் வெள்ளம் ஏறும்போது முட்டை ஆற்றில் சேரும், புழு நீர்ப்பாசிச் செடிகளில் ஒட்டி வளரும். 1972 கோடையில் நாலு வாரத்தில் சுமார் 600 பேர் இதன் கடியோடு மருத்துவரிடம் போனார்கள். பிறகு, புழுவை மட்டும் கொல்லும் ஒரு பாக்டீரியாவை ஆற்றில் கலந்து எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஆனாலும் மே, ஜூனில் ஆற்றோரம் நடப்பதானால் அரைக்கால் சட்டை வேண்டாம். அது கடிப்பது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான்.