சாவி ஊர் கையில் இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"ஊர் மரபை ஆராயும்போது கடைசிச் சொல் பல்கலைக்கழகத்துக்கா, ஊராருக்கா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "ஊறிப்போன மரத்தைக் காப்பாற்ற வேதியியல் வேண்டும், பாசம் போதாது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அவர் ஊறிய மரத்தை எடுத்தது எனக்கு ரொம்ப வசதி. அந்த மரத்தையே பிடித்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பசிபிக் கரையில் ஒசெட் என்றொரு பழைய கிராமம். மக்கா என்ற பழங்குடியினரின் ஊர். சில நூற்றாண்டுகளுக்கு முன் மேட்டுச் சேறு சரிந்து வந்து வீடுகளை அப்படியே மூடிவிட்டது. ஈரக் களிமண்ணுக்குள் காற்றுப் புகவில்லை. அதனால் பலகை, கூடை, பாய், கயிறு எல்லாம் கெடாமல் இருந்தன. மக்காவின் பொருள் மக்காமல் கிடந்தது. சிலேடைக்கு நான் பொறுப்பல்ல.

1970 தொடக்கத்தில் புயலலை கரையை அரித்து வீட்டுப் பலகைகளை வெளியே காட்டியது. கடற்கரையில் நடந்து போகிறவர்கள் பொருள்களைத் தூக்கிப் போய்விடுவார்களே என்று பயந்த மக்கா மக்களின் தலைவர் எட் கிளாப்லன்ஹூ, வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டாகர்ட்டியைத் தொலைபேசியில் அழைத்தார். டாகர்ட்டி முன்பே அங்கே அகழாய்வு செய்தவர்தான். ஆனால் இந்தமுறை கூப்பிட்டது ஊர்.

11 ஆண்டுகள் வேலை நடந்தது. மண்வெட்டி பட்டால் ஊறிய மரம் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். அதனால் பம்பு வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கழுவினார்கள். பெரிய பலகைக்கு வேகமாக, கூடைக்குப் பூந்தூறலாக. வெளியே எடுத்த மரத்தைச் சும்மா காயவிட்டால் தொலைந்தது. உள்ளே இருக்கும் நீர் வெளியேறும்போது செல் சுவர்களையும் சேர்த்து இழுக்கும். பலகை சுருங்கி, முறுக்கி, வெடித்துவிடும். ஆகவே பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளின் கரைசலில் ஊறப்போட்டு, நீர் இருந்த இடத்தை அது பிடித்துக்கொள்ளச் செய்தார்கள். பெரிய துண்டுகளுக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். இந்த இடத்தில் எதிரணிக்கு முழு மதிப்பெண்ணும் கொடுத்துவிடுகிறேன், நடுவர் அவர்களே.

ஆனால் கிடைத்த பொருள் எதற்குப் பயன்பட்டது என்று சொன்னவர்களில் ஊர் முதியவர்களும் உண்டு. 55,000க்கும் மேற்பட்ட பொருள்கள். திமிங்கிலத்தின் முதுகுத் துடுப்பு வடிவில் செய்து, 700க்கும் மேற்பட்ட கடல் நீர்நாய்ப் பற்களைப் பதித்த மரச்சிற்பமும் அதில் ஒன்று. எந்தப் பெருநகர அருங்காட்சியகத்துக்கும் நாக்கில் நீர் ஊறும். அவை போன இடம் நியா பே, மக்கா மக்களின் சொந்த ஊர். 1979இல் அவர்களுடைய அருங்காட்சியகமே அங்கே திறந்தது.

அந்த அருங்காட்சியகத்தின் கிடங்கில் பொருள்களை அடுக்கிய முறையைச் சொல்லியே ஆகவேண்டும். வழக்கமாக மரத்துக்கு ஓர் அலமாரி, எலும்புக்கு ஓர் அலமாரி என்று பிரிப்பார்கள். இங்கே மக்கா மொழியில் எந்தப் பெயர்களுக்கெல்லாம் ஒரே சொல்லுறுப்பு வருகிறதோ, அந்தப் பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நம் மொழியில் உண்கலம், அணிகலம், மரக்கலம் மூன்றும் ஒரே தட்டில் வந்து உட்கார்ந்ததுபோல! இந்த அடுக்கு எந்தப் பேராசிரியருக்கும் தானாகத் தோன்றாது. சாவி ஊரில் இருந்ததால் வந்தது.

சாவி மறுபக்கம் இருந்தால்? கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் மக்களிடம் 1990இல் தொடங்கி அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் எடுத்தார்கள். நீரிழிவு ஆய்வு என்று நம்பித்தான் மக்கள் கையை நீட்டினார்கள். ஒப்புதல் தாளிலோ 'நடத்தை சார்ந்த, மருத்துவம் சார்ந்த கோளாறுகள்' என்று வாசகம் அகலமாக இருந்தது. அந்த அகலத்துக்குள் மனச்சிதைவு ஆய்வு நுழைந்தது. முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வும் நுழைந்தது. இந்தப் பள்ளத்தாக்கே தங்கள் பிறப்பிடம் என்று நம்பும் மக்களிடம் கேட்காமலே! 2004இல் வழக்கு. 2010இல் சமரசம்: 41 பேருக்கு 7 லட்சம் டாலர், கூடவே எஞ்சிய ரத்த மாதிரிகளும் திரும்பின.

ஆகவே சண்டை ஒப்புதல் தாளில் இருக்கிறது. ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கக் கூடாது. ஊரின் பாட்டையோ கதையையோ பதிவு செய்ய ஒன்று, வெளியிட ஒன்று, வேறு ஆய்வுக்குக் கொடுப்பதென்றால் திரும்ப ஊருக்கு வந்து புதிதாக ஒன்று. அதுவும் ஊர் பேசும் மொழியில். மூலப் பதிவு ஊரில், படி பல்கலைக்கழகத்தில். இன்று பெரும்பாலும் தலைகீழ்: மூலம் ஆய்வு மாணவரின் ஹார்ட் டிஸ்கில் இருக்கும். அவர் பட்டம் வாங்கிப் போவார். டிஸ்க் ஒருநாள் திறக்காது. மூன்று ஆண்டுத் திட்டத்தில் நான்காம் ஆண்டு மின்கட்டணம் யார் கட்டுவது என்று முதல் நாளே எழுதாவிட்டால், பதிவுகளை வைக்க ஊருக்குக் கொடுத்த கணினி துணி போர்த்திக் கிடக்கும்.

பணம் கொடுப்பவருக்கே உரிமை என்பீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் நூல் திரட்டை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றவில்லை, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது.

எதிரணி கேட்ட ஒரு கேள்வி மட்டும் எனக்கும் உறுத்துகிறது: "ஊர் என்றால் யார்?" நம்மிடம் ஊர் என்ற சொல்லே சேரியை வெளியே நிறுத்தியது. கோயில் தர்மகர்த்தா கையெழுத்தை வாங்கிவிட்டு ஊர் சம்மதித்தது என்று சொன்னால் அது பாதி ஊரின் சம்மதம்கூட இல்லை. அதனால்தான் தெருத்தெருவாக, பெண்களிடம் தனியாக, உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறோம். ஆறு மாதம் ஆகும். ஆகட்டும். ஊருக்குள் தகராறு என்பதற்காகச் சாவியைப் பல்கலைக்கழகத்திடம் கொடுப்பது, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் சர்வேயர் வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட கதை.

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் எனக்கு ஒன்றே ஒன்று சொல்லட்டும்: ஒசெட் பொருள்கள் அன்று பல்கலைக்கழகக் கிடங்குக்குப் போயிருந்தால், எந்த மொழியில் அடுக்கியிருப்பீர்கள்?