கழுநீரில் தொடங்கும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுச் சிக்கனம் பற்றிப் பேசச் சொல்லிப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் வழிவழியாக வந்த சிக்கனப் பழக்கங்களில் எதை இன்றும் வைத்துக்கொள்ளலாம், எதைத் துணிந்து விட்டுவிடலாம் என்பதுதான் பேச்சு. பாட்டி செய்தாள் என்பதற்காக எதையும் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் எதனால் வந்தது, அந்தக் காரணம் இன்னும் நம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் போதும். இந்தக் கேள்வியை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரிசிப் பானையிலிருந்து தொடங்குகிறேன். இந்நேரம் சிலர் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். முதல் கழுநீரில் தூசியும் தவிடும் இருக்கும், அது செடிக்கு. இரண்டாவது கழுநீர் சமையலுக்கு. புளி ஊறவைக்க வெறும் தண்ணீர் எடுப்பதற்குப் பதில் இதை எடுத்தால் குழம்புக்குத் தானாக ஒரு கெட்டித்தன்மை வரும். செட்டிநாட்டு மண்டி என்ற குழம்பு முழுக்க முழுக்க இதை நம்பியே இருக்கிறது. கால் கிலோ வெண்டைக்காய்க்கு இரண்டு டம்ளர் இரண்டாம் கழுநீர், எலுமிச்சை அளவு புளி, சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிய மிளகாய். தேங்காய் அரைக்க வேண்டியதில்லை, பருப்பும் வேண்டியதில்லை. மாவுச்சத்து அடியில் படியும் என்பதால் கடைசி ஐந்து நிமிடம் கரண்டியை விடாமல் கிளற வேண்டும், அவ்வளவுதான். எடுத்து வைத்த கழுநீரை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். வெயில் நாளில் அதற்குள்ளேயே புளிப்பு வாடை வரத் தொடங்கும். செடிக்கு ஊற்றுபவர்கள் தினமும் ஒரே தொட்டியில் ஊற்ற வேண்டாம். மேல்மண்ணில் மாவு படிந்து பூஞ்சை பிடிக்கும், சின்னச் சின்ன ஈ மொய்க்கும். சம அளவு தண்ணீர் கலந்து, தொட்டி மாற்றி மாற்றி ஊற்றினால் தொல்லை இல்லை.

அடுத்தது வடிகஞ்சி. இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு டம்ளர் புழுங்கலரிசிக்கு ஐந்தாறு டம்ளர் தண்ணீர் வைத்துத் திறந்த பானையில் வடிப்பது விறகடுப்புக் காலத்துக் கணக்கு. குக்கருக்கு மூன்று டம்ளர் போதும், எரிவாயுவும் மிச்சம். மேலும், வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றினால் அதில் கரைந்திருக்கும் பி வைட்டமின்களும் சேர்ந்தே போகும். கஞ்சியைக் குடிக்கவோ வேறு எதற்காவது எடுக்கவோ போகிறீர்கள் என்றால் வடியுங்கள். இல்லையென்றால் குக்கரே சிக்கனம். வாரத்தில் ஒரு நாள், புடவைக்குக் கஞ்சி போடும் நாளில் மட்டும் வடித்தால் கூடப் போதும்.

கஞ்சி போடுவதில் மூன்று தவறு நடக்கும். ஒன்று, உப்புப் போட்டு வடித்த கஞ்சியை எடுப்பது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். புடவை மழை நாளில் தொய்ந்துவிடும். இரண்டு, வடிகட்டாமல் போடுவது. கறுப்பு, கருநீலப் புடவையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரியும். மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு டம்ளர் கெட்டிக் கஞ்சிக்கு நான்கு டம்ளர் தண்ணீர் கலந்து, புடவை முழுவதும் ஒரே சீராக நனையும்படி முக்கிப் பிழியுங்கள். நிழலில் உலர்த்தி, லேசாகத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்துத் தேய்த்தால் கடைப் புடவை மாதிரி நிற்கும். மூன்றாவது தவறுதான் பெரியது: கஞ்சி போட்டுப் பெட்டியில் மடித்து வைப்பது. மாவுச்சத்து ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. மடிப்பிலும் இழை விட்டுப்போகும். ஆகவே கட்டுவதற்கு முன் கஞ்சி, பெட்டியில் வைப்பதற்கு முன் கஞ்சியில்லாத சலவை. பட்டுக்கு எப்போதும் வேண்டாம்.

சரி, இப்போது சோற்றுக்கு வருகிறேன். பழைய சோறு. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் இதைப் பற்றிக் கைப்பேசியில் சுற்றும் செய்திகள் ஒருபக்கம் ஆகாயத்தில் ஏற்றுகின்றன, இன்னொருபக்கம் பயமுறுத்துகின்றன. பழைய சோற்றில் இரும்புச்சத்து பல மடங்கு கூடிவிடும் என்று ஒரு செய்தி வரும். இரும்பு எங்கிருந்து வரும், சொல்லுங்கள்? பானைக்குள் புதிதாக விளையாது. நொதிக்கும்போது அரிசியில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் குறைகிறது. இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வது எளிதாகிறது. கூடுவதில்லை, கைக்கு எட்டுகிறது. அது போதாதா?

பயமுறுத்தும் செய்தியிலும் பாதி உண்மை உண்டு. சோறு வேகும் சூட்டிலும் சாகாத ஒருவகை பாக்டீரியா விதைகள் அரிசியில் இருக்கும். சூடான சோற்றை மூடிப் போட்டு அப்படியே நடுராத்திரி வரை வைத்தால், அந்த வெதுவெதுப்பில் அவை பெருகி நஞ்சைக் கக்கும். மறுநாள் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தி வரும். பழி பழைய சோற்றின் மேல் விழும். தவறோ சோற்றை ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றத் தாமதித்ததில் இருக்கிறது.

ஆகவே செய்முறை இது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மிஞ்சிய சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ போட்டு, சோற்றுக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கட்டியை உதிர்த்துவிடுங்கள், உருண்டையாகக் கிடந்தால் உள்ளே தண்ணீர் போகாது. இறுக மூடாமல் தட்டால் மூடுங்கள். கத்திரி வெயிலில் எட்டு மணி நேரம் போதும், மார்கழியில் பன்னிரண்டு வேண்டும். உப்பை ராத்திரி போடாதீர்கள், மறுபடி சொல்கிறேன், ராத்திரி போடாதீர்கள். புளிப்பேற்றும் நல்ல பாக்டீரியாவின் வேகத்தை உப்பு குறைத்துவிடும். காலையில் மோர் ஊற்றும்போது போட்டுக்கொள்ளலாம். லேசான புளிப்பு மணம் வந்தால் சரி. சோற்றை எடுத்தால் நூல் விட்டதென்றாலோ, மூக்கைத் துளைக்கும் வாடை வந்ததென்றாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஒரு கைப்பிடி சோற்றை மிச்சப்படுத்தி மருத்துவருக்குப் பணம் கட்டுவது எந்த ஊர்ச் சிக்கனம்? கைக்குழந்தைக்கும், கடுமையான நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டாம்.

குக்கர் சோற்றுக்கு இது பொருந்துமா என்று கேட்பார்கள். பொருந்தும், ஆனால் கஞ்சி உள்ளேயே நிற்பதால் தண்ணீர் கூழாகும், சீக்கிரம் புளிக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுங்கள்.

இதற்கும் மிஞ்சினால்? வடகம். மாசி, பங்குனி, சித்திரை வெயிலை வீணாக விடும் வீட்டைப் பார்த்தால் மனசு கேட்காது. ஊறிய சோற்றை நன்றாக வடித்து, தண்ணீர் சேர்க்காமல் அரையுங்கள். இரண்டு டம்ளர் சோற்றுக்கு ஐந்து பச்சை மிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு சிட்டிகைப் பெருங்காயம். உப்பு ருசி பார்க்கும்போது சற்றுக் குறைவாகத்தான் தெரிய வேண்டும். மாவில் சரியாக இருந்தால் காய்ந்த பின் கரிக்கும், ஏனென்றால் தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, காலை எட்டு மணிக்குள் கிள்ளி வைத்துவிடுங்கள். துணி உலர்ந்திருந்தால் மாவுத் தண்ணீரைக் குடித்து ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விட்டால் வடகம் முழுசாகப் பிரியும். பிய்த்து இழுத்தால் தூளாகும். ராத்திரி உள்ளே எடுத்து, அடுத்த இரண்டு நாள் முறத்திலோ தட்டிலோ காய வையுங்கள். ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். டக்கென்று சத்தம் கேட்க வேண்டும். வளைந்தால் நடுவில் ஈரம் இருக்கிறது. டப்பாவில் போட்டால் ஆடிக்குள் பூசணம். மொட்டை மாடி இல்லாத அடுக்குமாடிக்காரர்கள் வெயில் வரும் சன்னல் ஓரத்தில் ஒரு தட்டு அளவுக்குச் செய்யலாம். புறாத் தொல்லைக்குப் பழைய கொசுவலைத் துண்டு போதும்.

பாருங்கள், கழுநீர் செடிக்கும் குழம்புக்கும், கஞ்சி புடவைக்கு, சோறு வயிற்றுக்கு, மிச்சம் காலைக்கு, அதிலும் மிச்சம் மழைக்காலத்துக்கு. அரிசி இன்றும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். காரணம் அப்படியே இருக்கிறது, பழக்கமும் இருக்கட்டும்.

ஆனால் வருஷ மளிகை விஷயம் வேறு. அறுவடை சமயத்தில் மலிவாக வாங்கிக் குதிரில் கொட்டி வைத்தது, வெயில் படும் முற்றமும், உட்கார்ந்து புடைக்க ஆளும் இருந்த வீட்டில். இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறு மாதத் துவரம்பருப்பு வாங்கினால் பாதி வண்டுக்கு. என் கணக்கு இது: புளியும் மிளகாய் வற்றலும் வருஷத்துக்கு வாங்கலாம், பருப்பு இரண்டு மாதம், அரிசி ஒரு மாதம். ரவையை வாங்கிய அன்றே வறுத்து ஆறவைத்து டப்பாவில் போடுங்கள். வறுத்தால் பூச்சி முட்டை சாகும். பருப்பை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவிப் பிசிறி வைக்கலாம். எண்ணெய்ப் பூச்சில் வண்டு முட்டை நிலைப்பதில்லை. புதுப்புளி மாசி பங்குனியில் வரும். கொட்டையும் நாரும் எடுத்து, வெயிலில் காயவைத்து, கல்லுப்புத் தூவி அடுக்கடுக்காக ஜாடியில் அழுத்துங்கள். அலுமினியப் பாத்திரத்தில் போட்டுவிடாதீர்கள், புளி அதை அரித்துவிடும்.

விட்டுவிட வேண்டியதும் உண்டு. அப்பளம் பொரித்த எண்ணெயைத் தீரும் வரை காய்ச்சுவது. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் அளக்க முடியாது, சரி. ஒரு முறை பொரித்த எண்ணெயை வடிகட்டி இரண்டு நாளில் தாளிக்கவும் வதக்கவும் தீர்த்துவிடுங்கள். இரண்டாம் முறை பொரிக்க வேண்டாம், புது எண்ணெயோடு கலக்கவும் வேண்டாம். நிறம் கறுத்து நுரை அடங்காமல் நின்றால் அது முடிந்த எண்ணெய். வீணாகக் கூடாதென்று தையல் மெஷினுக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். சமையல் எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசின் போல இறுகி மெஷினையே நிறுத்திவிடும். செய்தித்தாளில் வடை வைப்பதும் வேண்டாம், மை எண்ணெயில் இறங்கும். வடிதட்டு ஒன்று வாங்கிப் போட்டால் ஆயுளுக்கும் வரும்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பழைய துணியையும் சிறுவாட்டையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கிவிடுகிறேன். கரித்துணிக்குப் பழைய துணி எடுக்கும்போது ஓர் இழையைப் பிய்த்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலானால் பருத்தி, அடுப்படிக்கு ஆகும். உருகிக் குண்டுமணி போல இறுகினால் பாலியெஸ்டர்; சூடான பாத்திரத்தைப் பிடித்தால் கையில் ஒட்டிக்கொள்ளும்.

சிறுவாடு. அரிசி டப்பாவில் பணம் சேர்த்த வீடுகளுக்கு 2016 நவம்பர் 8 ராத்திரி என்ன ஆனது என்று நினைவிருக்கும். 500, 1000 ரூபாய் நோட்டுகளோடு ரகசியமும் வெளியே வந்தது. சேர்க்கிற பழக்கத்தை விடாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கை மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம், ஐந்து வருஷம். கணக்கு உங்கள் பேரில் இருக்கட்டும், பாஸ்புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும். தவணை தவறினால் அபராதம் உண்டு, அதனால் ஒன்றாம் தேதி மளிகைச் சீட்டு எழுதும்போதே... சரி, சிவப்பு விளக்கு போட்டுவிட்டார்கள். நன்றி, வணக்கம்.