ஸ்பாரிங்ல கண்ணை மூடிக்கிறேன், டிஃபென்ஸை எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

வணக்கம். இந்த வாரம் ஒரு தம்பி கேட்டிருக்கார்: "பாக்ஸிங் சேர்ந்து 3 மாசம் ஆகுது. பேக் நல்லா அடிக்கிறேன். ஆனா ஸ்பாரிங்னு, அதான் ஆளோட ஆள் மோதுற பயிற்சின்னு வந்தா கண்ணை மூடிக்கிறேன், பின்னாடியே போய் கயித்துல மாட்டிக்கிறேன். ஸ்லிப் (தலையை அசைச்சுக் குத்துக்கு ஒதுங்குறது), ஷோல்டர் ரோல் (குத்தைத் தோள்ல வாங்கித் திருப்பி விடுறது) எல்லாம் வீடியோ பார்த்துப் பழகுறேன், எதுவும் கைகொடுக்கல. டிஃபென்ஸை எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?"

தம்பி, கண்ணை மூடுறது கோழைத்தனம் இல்ல. முகத்துக்கு நேரா எது வந்தாலும் இமை தானா மூடும், அது உடம்போட குணம். பழகிப் பழகித்தான் மாத்தணும். ஸ்லிப்பை இப்போதைக்கு விட்டுடுங்க. வர்ற குத்தே கண்ணுல படலைன்னா எதைப் பார்த்து ஒதுங்குவீங்க? முதல்ல கண்ணு, அப்புறம் கை, அப்புறம் கால். தலையை அசைக்கிறதெல்லாம் கடைசி.

கூடப் பழகுற ஒருத்தரை ஜாப் மட்டும், அதான் முன்கையால நேரா விடுற குத்து மட்டும் போடச் சொல்லுங்க. பாதி வேகம், 3 நிமிஷம் முழுக்க. நீங்க திருப்பி அடிக்கவே கூடாது. வலது உள்ளங்கையைத் தாடை பக்கத்துலயே வச்சு, ஜாபை அங்கேயே வாங்குங்க. இடது கைக்காரங்க அப்படியே மாத்திக்கோங்க. இங்கதான் முக்கால்வாசிப் பேர் தப்பு பண்றாங்க. ஜாபைப் பிடிக்கிறேன்னு கையை ஒரு சாண் முன்னால நீட்டிடுவாங்க. விவரமான ஆளு அதைக் கவனிச்சுட்டு, சும்மா ஒரு ஜாப் காட்டுவான். உங்க கை முன்னால போகும், திறந்து கிடக்குற வலது கன்னத்துல அவனோட இடது ஹூக், அதான் பக்கவாட்டுல வளைஞ்சு வர்ற குத்து, வந்து இறங்கும். அதனால குத்து உங்க கையைத் தேடி வரட்டும், நீங்க தேடிப் போகாதீங்க. பார்வை எதிராளியோட க்ளவுஸ்ல வேண்டாம், நெஞ்சுலயும் தோள்லயும் இருக்கட்டும். கை வர்றதுக்கு முன்னாடியே தோள் சொல்லிடும். குத்து படுற நேரத்துல மூச்சை விடுங்க. மூச்சைப் பிடிச்சா முகம் இறுகும், கண்ணும் கூடவே மூடிக்கும்.

அடுத்தது, நீங்க அடிச்ச கை எங்க திரும்பி வருதுன்னு பாருங்க. அதையும் டிஃபென்ஸ்லதான் சேர்க்கணும். நான் பசங்களுக்கு க்ளவுஸோட கட்டைவிரல் பக்கம் சாக்பீஸ் தூள் தடவி விடுவேன். ஒரு ரவுண்டு ஜாப் போட்டு முடிச்சதும் பார்ப்பேன். கன்னத்துல வெள்ளை இருந்தா கை வீடு வந்து சேர்ந்திருக்கு. பனியன்ல, நெஞ்சுல வெள்ளை இருந்தா, ஒவ்வொரு ஜாபுக்கும் தாடை திறந்து கிடந்திருக்கு. ஒரே ரவுண்டுல அவங்களுக்கே புரிஞ்சுடும்.

பெரிய ஆட்டக்காரங்களையே இது சாய்ச்சிருக்கு. அமெரிக்க ஹெவிவெயிட் பாக்ஸர் ஜோ லூயிஸ் 1936 வரைக்கும் ப்ரொஃபஷனல்ல தோத்ததே இல்ல. ஜெர்மனிக்காரர் மாக்ஸ் ஷ்மெலிங் அவரோட ஃபைட் படங்களைப் போட்டுப் பார்த்து, ஜாப் விட்டதும் லூயிஸோட இடது கை தாழ்வா திரும்புதுன்னு பிடிச்சுட்டார். நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்துல அந்த இடைவெளியில வலது கையைத் திரும்பத் திரும்ப விட்டு, 12-ஆவது ரவுண்டுல நாக்அவுட் பண்ணினார். லூயிஸ் மாதிரி ஆளுக்கே இந்தக் கதின்னா, நமக்கு இது எவ்வளவு முக்கியம்னு பாருங்க.

கால் விஷயம். பின்னாடி போறது தப்பில்ல, நேர்கோட்டுல போய்க்கிட்டே இருக்குறதுதான் தப்பு. பின்கால் முதல்ல, முன்கால் அப்புறம், கால் குறுக்க வரவே கூடாது. ரெண்டு எட்டு, அவ்வளவுதான். உடனே இடது பாதத்தை ஊன்றித் திரும்பிப் பக்கவாட்டுல வெளிய வந்துடுங்க. அப்போ எதிராளி திரும்பவும் நின்னு, திரும்பி, தூரத்தை அளக்கணும். உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

ஷோல்டர் ரோல் கேட்டீங்க. அமெரிக்க பாக்ஸர் மேவெதர் இடது கையைக் கீழ விட்டு நிக்கிறது பார்க்க அழகுதான், எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா அவர் அப்பாவும் சித்தப்பாவும் பாக்ஸர்கள், சின்ன வயசுலேர்ந்து ஜிம்லயே வளர்ந்தவர். 3 மாசத்துல அந்தக் கையை இறக்காதீங்க, கன்னத்துலயே இருக்கட்டும்.

இதெல்லாம் வந்த பிறகு, தோள் உயரத்துல ஒரு கயிறு கட்டி, அதுக்குக் கீழ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை விட்டு எடுத்து நடங்க. இடுப்பை வளைக்காதீங்க, முட்டியை மடக்குங்க. அமெச்சூர்ல எதிராளியோட பெல்ட்டுக்குக் கீழ குனிஞ்சா ஃபவுல். ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டு சும்மா நின்னாலும் ஃபவுல்தான்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா கேளுங்க. ஹெட்கார்ட் போட்டிருக்கோமேன்னு அடி வாங்கிப் பழகாதீங்க. தோல் கிழியறதை அது குறைக்கும், மூளை குலுங்குறதைத் தடுக்காது. ஸ்பாரிங் முடிஞ்சு தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு இருந்தா மாஸ்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. டாக்டரைப் பார்த்து, அவர் சரின்னு சொன்ன பிறகு ரிங்குக்குள்ள போனா போதும்.