பழைய மடிக்கணினியில் வைஃபை இணைப்பு

உதகை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. அதன் வழியாக நீலகிரியின் பல வீடுகளுக்கும் கணினி வந்து சேர்ந்தது. அண்ணன் படித்து முடித்த பிறகு தம்பியோ தங்கையோ பயன்படுத்த வேண்டிய அந்தக் கணினி, வைஃபை பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பீரோவின் மேல் தூசி படிந்து கிடப்பதைக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் நான் அடிக்கடி பார்க்கிறேன். பாடம் படிக்கவும், விண்ணப்பம் நிரப்பவும், தேர்வு முடிவு பார்க்கவும் அந்தக் கணினியே போதும். அதை மீண்டும் இணையத்தில் சேர்க்கும் வழியைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால், கடைக்குப் போவதற்கும் முன்னால், ஒரு கேள்விக்குப் பதில் தேடிக்கொள்ள வேண்டும். மடிக்கணினியின் வைஃபை பட்டியலைத் திறக்கும்போது என்ன தெரிகிறது? எந்தப் பெயருமே தெரியவில்லையா? பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிந்து, நம் வீட்டுப் பெயர் மட்டும் காணவில்லையா? அல்லது பெயர் தெரிந்தும், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகும் இணைய மறுக்கிறதா? இந்த மூன்றும் வேறு வேறு கோளாறுகள். மூன்றுக்கும் தீர்வும் வேறு. எது என்று பார்க்காமலே, கணினிக்குள் வைஃபை அலையை வாங்கும் கார்டை மாற்றுகிறவர்களின் பணம்தான் பெரும்பாலும் வீணாகிறது.

எந்தப் பெயருமே தெரியவில்லை என்றால் முதலில் சுவிட்சைப் பாருங்கள். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ நகத்தால் தள்ளும் அளவுக்குச் சிறிய நகர்த்து சுவிட்ச் ஒன்று இருக்கும். பையில் வைத்து எடுக்கும்போதே அது நகர்ந்துவிடும். வேறு சிலவற்றில் எஃப்என் பொத்தானோடு, கோபுரப் படம் போட்ட மேல்வரிசைப் பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயக்க முறைமையை வைத்திருப்பவர்கள் ஆர்.எஃப்.கில் என்ற கட்டளையைக் கொடுத்தால், அலை அணைக்கப்பட்டிருப்பது சுவிட்சாலா மென்பொருளாலா என்பதை அது பிரித்துச் சொல்லிவிடும்.

சுவிட்ச் சரியாக இருந்தால் அடுத்தது டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். இங்கேதான் பலரும் திகைத்து நின்றுவிடுகிறார்கள். வைஃபை வேலை செய்ய டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்கவோ இணையம் வேண்டும். இதற்கு எளிய வழி உங்கள் கைப்பேசிதான். ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜ் செய்யும் கேபிளாலேயே மடிக்கணினியோடு இணைத்து, அமைப்புகளில் யூ.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்கினால், கைப்பேசியின் இணையம் கம்பி வழியாகக் கணினிக்கு வந்துவிடும். கேபிள் மட்டும் சார்ஜுக்கு மட்டுமேயான மலிவு ரகமாக இல்லாமல், தரவையும் கடத்தும் கேபிளாக இருக்க வேண்டும். லினக்ஸில் இந்த இணைப்புக்குப் பெரும்பாலும் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. கைப்பேசி நம் வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் மொபைல் டேட்டாவும் செலவாகாது. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காத எஸ்டேட் லயன் வீடுகளில் இருப்பவர்கள், வீட்டுக்கு வைஃபை தரும் ரூட்டரிலிருந்து நேராக லேன் கேபிளை மடிக்கணினியில் செருகியும் இந்த வேலையை முடித்துக்கொள்ளலாம்.

எந்த டிரைவரை இறக்குவது என்பதைக் கணினியின் மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று விதமான வைஃபை சில்லுகள் வந்திருக்கக்கூடும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரிலும், லினக்ஸில் எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற கட்டளையிலும் சில்லின் அடையாளம் தெரியும். ஏதெராஸ் நிறுவனத்தின் பழைய சில்லுகள் பலவும் லினக்ஸில் உடனே இயங்கும். பிராட்காம் நிறுவனத்தின் சில்லுகளுக்கு ஃபர்ம்வேர் என்ற கோப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். லினக்ஸின் ஒரு வகையான டெபியனில், 2023இல் வெளியான 12ஆம் பதிப்பு முதல், இத்தகைய ஃபர்ம்வேர் கோப்புகளில் பெரும்பாலானவை நிறுவும் வட்டிலேயே சேர்த்துத் தரப்படுகின்றன. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்ட நிலையில், பழைய கணினியை இணையத்தில் சேர்க்க நினைப்பவர்கள் லினக்ஸுக்கு மாறுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பக்கத்து வீட்டுப் பெயர் தெரிந்து நம் வீட்டுப் பெயர் மட்டும் தெரியாவிட்டால், கோளாறு கணினியில் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இன்றைய ரூட்டர்கள் பல இயங்குகின்றன. 802.11பி, 802.11ஜி என்ற பழைய தரங்களில் அமைந்த கார்டுகள் 2.4ஐ மட்டுமே அறியும்; 2009இல் இறுதி வடிவம் பெற்ற 802.11என் தரத்திலும் மலிவான கார்டுகள் பல அப்படித்தான். ரூட்டரில் 2.4ஐ அணைத்து வைத்திருந்தால் அந்தக் கணினிக்கு நம் வீடே கண்ணில் படாது. 2.4 அலைவரிசையின் உட்பிரிவுகளான சேனல்களில், ரூட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் இருந்தாலும் இதே நிலைதான், ஏனெனில் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கார்டுகள் 11ஆம் சேனலோடு நின்றுவிடும். ஒன்று, ஆறு, பதினொன்று ஆகிய சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை என்பதால் அவற்றில் ஒன்றை நிலையாகத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

மூன்றாவது கோளாறைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லும் சரி, ஆனாலும் இணையவில்லை என்றால், பெரும்பாலும் அது பாதுகாப்பு முறையில் உள்ள பொருத்தமின்மைதான். முதலில் வந்த வெப் (WEP) என்ற பாதுகாப்பு முறையை உடைக்க முடியும் என்பது 2001இலேயே வெளிப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக 2003இல் டபிள்யூ.பி.ஏ. முறையும், 2004இல் டபிள்யூ.பி.ஏ. 2 முறையும், 2018இல் டபிள்யூ.பி.ஏ. 3 முறையும் வந்தன. புதிய ரூட்டர் டபிள்யூ.பி.ஏ. 3ஐ மட்டும் ஏற்கும்படி அமைக்கப்பட்டிருந்தால் பழைய மடிக்கணினியால் உள்ளே நுழைய முடியாது. ரூட்டரின் அமைப்பில் டபிள்யூ.பி.ஏ. 2உம் 3உம் சேர்ந்த கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் இணைந்துவிடும். டபிள்யூ.பி.ஏ. 2ஐக்கூட அறியாத அளவுக்குக் கணினி பழையது என்றால், ரூட்டரை வெப் முறைக்கு இறக்குவதும், கடவுச்சொல்லையே எடுத்துவிட்டுத் திறந்து வைப்பதும் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கைப்பேசியும் அதே ரூட்டரில்தானே இருக்கிறது! மாற்ற வேண்டியது கணினியின் கார்டைத்தான். ரூட்டரின் பாதுகாப்பில் கை வைக்கவே கூடாது.

கார்டு மாற்றம் என்றதும் பயப்பட வேண்டாம். யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறு வைஃபை கருவியான டாங்கிள் ஒன்றே போதும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள், வாங்குவதற்கு முன் அதற்குள் இருக்கும் சில்லு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மீடியாடெக் நிறுவனத்தின் சில்லுகள் பலவற்றுக்கு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே டிரைவர் உண்டு. உள்ளே இருக்கும் கார்டையே மாற்ற விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சில பழைய மடிக்கணினிகள், தங்கள் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் தொடங்கவே மறுத்துவிடும். அதனால் டாங்கிளையே நான் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் பழைய கார்டு உண்மையிலேயே பழுதாகிவிட்டதா என்பதைத் திறந்து பார்த்து முடிவு செய்வது நல்லது, ஏனெனில் நம் மலையின் ஈரம் இங்கே ஒரு வேலை செய்கிறது. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்தால், விரலளவு பச்சை அட்டையாகக் கார்டு தெரியும். அதன் ஓரத்தில் கடுகளவு பித்தளை வளையங்கள் இரண்டு இருக்கும். அவற்றின்மேல் பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையுமான இரண்டு மெல்லிய ஒயர்கள் பொத்தான்போல் அழுத்தப்பட்டிருக்கும். அந்த ஒயர்கள் கீல் வழியாக மேலேறித் திரையைச் சுற்றியுள்ள ஆன்டெனாவுக்குப் போகின்றன. ஒரு பொத்தான் கழன்றிருந்தாலே ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் சிக்னல் வரும் என்ற நிலை உண்டாகும். கார்டின் செருகு முனையில் களிம்பு ஏறியிருந்தால், அதைக் கழற்றி வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் செருகுங்கள். இவ்வளவிலேயே உயிர் பெற்ற கார்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இணைந்துவிட்டது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்காமல் 'பாதுகாப்பற்ற தளம்' என்று எச்சரிக்கிறது என்றால் கணினியின் தேதியைப் பாருங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த கணினியில் கடிகாரத்துக்கான சிறிய வட்ட பேட்டரி தீர்ந்துபோய், தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். இணையதளங்களின் சான்றிதழ்கள் அந்தப் பழைய தேதிக்குச் செல்லாதவையாகத் தோன்றும். தேதியைத் திருத்தினால் உடனே சரியாகும். கணினியை அணைத்து மீண்டும் இயக்கியபின் தேதி மறுபடியும் மாறிவிட்டால் அந்தப் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

பனிமூட்டம் இறங்கினால் வைஃபை குறைகிறது என்று நம் ஊரில் பலர் சொல்வதுண்டு. ஒரு வீட்டுக்குள் இருக்கும் தொலைவில் மூடுபனி இந்த அலைகளைத் தடுப்பதில்லை. தடுப்பவை குன்னூர்ப் பக்கத்துப் பழைய பங்களாக்களின் கனத்த கற்சுவர்களும், தகரத் தடுப்புகளும்தான். ஆகவே ரூட்டரைத் தரையிலோ அலமாரிக்குள்ளோ வைக்காமல், படிக்கும் அறையை நோக்கிய கதவு நேராகத் தெரியும் இடத்தில், தோள் உயரத்துக்கு மேலே வையுங்கள். டாங்கிளையும் ஒரு சிறு யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிளில் செருகி மேசைமேல் வைத்தால், கணினியின் உடலுக்குப் பின்னால் மறையாமல் சிக்னலை நன்றாக வாங்கும்.

நன்றி, வணக்கம்.