கல்லணை எதைத் தடுக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

காவிரி என்று எடுத்தாலே வழக்கு, டிஎம்சி (நூறு கோடி கன அடி), தண்ணீரை அளக்கிற எல்லை இடமான பிலிகுண்டுலு என்றே பேச்சு போய்விடுகிறது. அதெல்லாம் பேச வேண்டியவைதான். 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் மொத்தப் பங்கை 404.25 டிஎம்சி என்று நிர்ணயித்ததும், அதில் 177.25 டிஎம்சி பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டும் என்றதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் நம் காவிரி டெல்டாவுக்குள் நுழைந்த பிறகு எப்படி நடக்கிறது, எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறது, அதை யார் பிடித்து நிறுத்தினார்கள் என்று பேசுகிறவர்கள் குறைவு. நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்ததைத்தான் இன்று உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் ஊரில் ஆற்றுக்கு எப்படிப் போகிறீர்கள்? தெருவைத் தாண்டி, கரைமேல் ஏறி, அப்புறம் படித்துறையில் இறங்குவீர்கள், இல்லையா? கரையில் நின்று திரும்பிப் பார்த்தால் வயல், களம், வீடு எல்லாம் காலுக்குக் கீழே தெரியும். கரூரைத் தாண்டி மேற்கே கொடுமுடி, பவானி பக்கம் போனால் ஆற்றுக்கு இறங்கித்தான் போக வேண்டும். அங்கே ஊருக்குள்ளேயே பள்ளமான இடம் ஆறு. நம் ஊரில் மேடான இடம் ஆறு.

ஏன் இப்படி? வெள்ளம் கரை தாண்டும்போது வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுமந்து வந்த மணலையும் வண்டலையும் அங்கேயே போட்டுவிடும். கனமான மணல் கரையோரத்தில் விழும், மெல்லிய வண்டல் தள்ளிப்போய்ப் படியும். ஆயிரக்கணக்கான வருஷம் இது நடந்தால் ஆறே தன் கரையை உயர்த்தி, தன் படுகையையும் உயர்த்தி, மேட்டின்மேல் ஓட ஆரம்பித்துவிடும். அதனால்தான் நம் பாட்டன் பூட்டன் மோட்டார் இல்லாமல் விவசாயம் செய்தார்கள். மதகைத் திறந்தால் போதும், தண்ணீர் தானாக வயலுக்குள் இறங்கும்.

ஆனால் மேட்டில் ஓடுகிற ஆற்றுக்கு ஓர் ஆபத்து உண்டு. கரை எங்கே பலவீனமோ அங்கே உடைத்துக்கொண்டு பள்ளத்தைத் தேடிப் போய்விடும். காவிரிக்குப் பக்கத்திலேயே அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. அதுதான் கொள்ளிடம்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. தீவு முடிகிற இடத்தில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. அந்த இடத்தில்தான் கல்லணை. அதற்கப்புறம் கொள்ளிடம் கிளை எதுவும் பெரிதாக விடாமல், வடகிழக்கே விறுவிறுவென்று போய்ப் பழையாறு பக்கத்தில் கடலில் விழுகிறது. காவிரி கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே போகிறது. தண்ணீரைக் கேட்டால் அது கொள்ளிடத்தைத்தான் விரும்பும், ஏனென்றால் அது தாழ்வான வழி, சீக்கிரம் கடலுக்குப் போகிற வழி. நம் டெல்டாவின் சரித்திரம் முழுக்க, அந்த வழியில் தண்ணீர் நழுவிவிடாமல் பார்த்துக்கொண்ட சரித்திரம். இதை இன்னும் ஒரு தடவை சொல்வேன்.

இப்போது கல்லணைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம், இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சுற்றுலா போன பிள்ளைகளைப் பாலத்தின்மேல் நிறுத்தி, இந்த அணை எதைத் தடுக்கிறது என்று கேட்பேன். காவிரியைத் தடுக்கிறது, தண்ணீரைத் தேக்குகிறது என்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கல்லணைக்குப் பின்னால் மேட்டூர் மாதிரி ஏரி ஏதாவது இருக்கிறதா? இல்லை. கரிகாலன் கட்டியதாக நாம் வழிவழியாகச் சொல்லி வரும் பழைய அணை, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கிறது. காவிரித் தண்ணீர் வடக்குப் பக்கம் சரிந்து, இரண்டையும் இணைக்கிற உள்ளாறு என்கிற சிறு ஆறு வழியாகக் கொள்ளிடத்தில் விழாமல் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. பெரிய வெள்ளம் வந்தால் மிச்சத்தை அணைமேல் வழிந்து கொள்ளிடத்துக்குப் போக விட்டுவிடும். தேவையானது காவிரியில் நிற்கும், ஆபத்தானது கொள்ளிடத்தில் வடியும். சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் இப்படி யோசித்திருக்கிறார்கள்.

அது கட்டப்பட்ட விதம் இன்னும் ஆச்சரியம். சுமார் 1080 அடி நீளம், 40 முதல் 60 அடி அகலம், நேர்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து போகும். கீழே பாறை கிடையாது, தோண்டத் தோண்ட மணல்தான். கடற்கரையில் அலை வந்து திரும்பும்போது நிற்கிறீர்கள், காலுக்கு அடியில் மணல் அரிந்து பாதம் புதைகிறது அல்லவா? ஓடுகிற ஆற்றில் பெரிய கல்லைப் போட்டாலும் அதேதான் நடக்கும். கல் புதையும். அதன்மேல் இன்னொரு கல், அதுவும் புதையும். இனிமேல் புதையாது என்கிற கெட்டி நிலை வரும் வரைக்கும் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். இடையில் களிமண். ஆற்றின் அரிப்பையே அஸ்திவாரம் போடுகிற ஆளாக வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆர்தர் காட்டன் என்கிற ஆங்கிலேயப் பொறியாளர், ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இங்கே கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று எழுதி வைத்திருக்கிறார். இங்கே கற்றதை வைத்துத்தான் 1847-க்கும் 1852-க்கும் இடையில் கோதாவரியில் தௌலேஸ்வரம் அணையை அவர் கட்டினார். ஆந்திராவில் அவருக்கு ஊருக்கு ஊர் சிலை இருக்கிறது. அந்த மரியாதையில் கல்லணை கட்டிய பெயர் தெரியாத ஆட்களுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

காட்டன் வந்தபோது நிலைமை மோசம். கல்லணைக்கு மேலே காவிரிப் படுகை மணல் ஏறி ஏறி உயர்ந்துகொண்டிருந்தது. கொள்ளிடமோ ஆழமாகிக்கொண்டே போனது. இரண்டுக்கும் வித்தியாசம் கூடக் கூட, முக்கொம்பிலேயே தண்ணீர் கொள்ளிடத்துப் பக்கம் திரும்பிவிட்டது. தஞ்சாவூர்ச் சீமை காய்ந்தது. கல்லணையில் மணல் போக மதகு வைத்துப் பார்த்தார். பிறகு 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை, அதே வருஷம் கீழே அணைக்கரையில் கீழணை. வீராணம் ஏரிக்கு வடவாறு வழியாகத் தண்ணீர் போவது அந்தக் கீழணையிலிருந்துதான். சென்னைக்காரர்கள் 2004 முதல் அந்த ஏரித் தண்ணீரையும் குடிக்கிறார்கள்.

மேலணை கட்டி முடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. இப்போது ஆறு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. காவிரி வாயில் அரித்து அகலமாகி, தாங்க முடியாத தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. சில வருஷத்திலேயே மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. 1840-களில் காவிரி வாயிலில் படுகை மட்டத்துக்கு ஒரு தடுப்புச் சுவரும் கட்ட வேண்டியதாயிற்று. ஒருமுறை கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று இந்த ஆறு யாரையும் விட்டதில்லை.

ரேடியோவை இப்போதுதான் திருப்பியவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். காவிரி மேட்டில் ஓடுகிறது, கொள்ளிடம் பள்ளத்தில் ஓடுகிறது. நம் சோறு அந்த மேட்டில் இருக்கிறது.

இன்றைக்குக் கல்லணையில் போய் நின்றால் நான்கு வழிகள் பார்க்கலாம். கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, 1934-ல் வந்த கல்லணைக் கால்வாய். கடைசியில் சொன்னதைப் புது ஆறு என்றுதான் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைக்காரர்கள் சொல்வார்கள். காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன். வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறு. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் பாமணியும் கோரையாறும். அதிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து கன்னி வாய்க்கால், அதிலிருந்து உங்கள் வயல் வரப்பு.

இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் நான் ஒரு பயிற்சி கொடுப்பது வழக்கம். கற்பனையாக ஒரு நாட்டைப் படைத்து, அதில் ஒரு பெரிய நதியை ஓடவிட்டு, அதன் கதையை எழுதி வர வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நாட்டுக்கு ராஜா பெயர் வைப்பார்கள், பனி மலை வைப்பார்கள். நதி மலையில் பிறந்து, துணை ஆறுகள் வந்து சேரச் சேரப் பெருத்து, கடைசியில் கடல் போல அகன்று கடலில் கலக்கும். ஏறக்குறைய எல்லா நோட்டிலும் இதே நதிதான். பாடப் புத்தகத்து நதி.

தலைஞாயிறு பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். அவள் நாட்டு நதி கீழே வர வர இளைத்துக்கொண்டே வந்தது. நடுவில் கொஞ்சம் தூரம் பெரியதாக இருந்தது, அப்புறம் ஐந்தாகப் பிரிந்தது, பத்தாகப் பிரிந்தது. கடல் வரைக்கும் போகவே இல்லை. வகுப்பில் சிரித்தார்கள். "கடலுக்கே போகாத ஆறு எதும்மா?" என்று கேட்டேன். எழுந்து நின்று, "எங்க ஊருக்கு வர்ற ஆறு சார். வயல்ல முடிஞ்சிடும். வயலுக்கே பத்தாது" என்றாள். வகுப்பு அடங்கிவிட்டது. நான் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, மீதி நேரம் முழுவதும் அவளைப் பேச வைத்தேன். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது அவள் அப்பா இராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு மதகடியில் போய் உட்கார்ந்திருப்பதைச் சொன்னாள். தண்ணீர் வருகிறதா என்று கண்ணால் பார்ப்பதற்கு முன்னால், காய்ந்த வாய்க்காலில் சருகும் நுரையும் நகர்கிற சத்தத்தில் தெரிந்துவிடும் என்றாள். தண்ணீர் முதலில் வந்து சேர்கிற தலைமடை ஊர்ப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். ஒரே வகுப்பில் இருந்தும் அவர்களுக்கு அது புதுச் செய்தி.

அந்தப் பெண் எழுதியது கற்பனை இல்லை. பூம்புகார் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். 800 கிலோமீட்டர் ஓடி வந்த காவிரி, கடலைச் சேரும் இடத்தில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கிறது. ஐயோ, இப்படி ஆகிவிட்டதே என்று பலர் வருத்தப்படுகிறார்கள். ஆறு அங்கே மெலிந்திருப்பதற்கு முக்கியக் காரணம், வழியெல்லாம் அதை வயலுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டோம் என்பது. ஒரு காலத்தில் அங்கே படகு வந்து போயிருக்கிறது. பக்கத்தில் கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையைத் தொல்லியல் துறையினர் தோண்டி எடுத்திருக்கிறார்கள், மரத் தறிகளோடு.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மேட்டூரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன்.

1924 வெள்ளம் டெல்டாவைப் புரட்டிப் போட்டது. அடுத்த வருஷம் மேட்டூர் வேலை தொடங்கி 1934-ல் அணை திறந்தார்கள். 93.47 டிஎம்சி கொள்ளும். அணை திறக்கும் நாள் ஜூன் 12 என்று ஒரு தேதியைச் சொல்லி நாற்று விட முடிந்தது அதனால்தான். ஆனால் அணை தண்ணீரோடு மணலையும் வண்டலையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலேயிருந்து புது மணல் வருவது குறைந்துபோன ஆற்றில், நாம் இருக்கிற மணலையும் லாரி லாரியாக அள்ளினோம். அதிகம் அள்ளியது கொள்ளிடத்தில். ஏற்கெனவே பள்ளமான ஆற்றை இன்னும் பள்ளமாக்கினோம். 2018 ஆகஸ்டில் திருச்சியில் 1928-ல் கட்டிய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாளிலேயே முக்கொம்பில் மேலணையின் 9 கதவுகள் அடித்துக்கொண்டு போயின. வயதான கட்டுமானம் என்றார்கள், அது உண்மைதான். மணல் போனதும் ஒரு காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள், நானும் அதையே நினைக்கிறேன். இப்போது அங்கே புதுக் கதவணை கட்டியாயிற்று. படுகையில் மணலை யார் கட்டித் தருவார்கள்?

இன்னும் ஒன்றே ஒன்று. கொள்ளிடத்தில் நன்னீர் குறைந்து படுகையும் இறங்கிவிட்டதால் கடல்நீர் உள்ளே ஏறி வருகிறது. கரையோர ஊர்களில் அடிபம்புத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய ஆதனூர்-குமாரமங்கலம் கதவணை அந்த ஊர்களுக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது. கதவணைக்குக் கீழே, கடலுக்குப் பக்கத்தில், இன்னொரு தடுப்பு வேண்டும் என்று அந்தப் பக்கத்து மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்.

நன்றி, வணக்கம்.